முன்னாடியே எடுத்து வைத்த கூழ்

தண்டையார்பேட்டை,
ஆடி முதல் வெள்ளி

பாப்பா,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் கடைசித் துண்டு மட்டும்தான். "அப்பா, ஆயா இப்ப எங்க இருப்பாங்க?" வைகாசியில் காலமான என் தாயை, உன் ஆயாவைத்தான் கேட்கிறாய். அதற்கு முன்னால் நீ சொன்ன வேலை விஷயம், வீட்டுக்காரம்மா வாடகை ஏற்றின விஷயம் எல்லாம் அம்மா கேட்டுச் சொன்னாள். பதிலை நானும் போனில் பேசிப் பார்த்தேன். இரண்டு முறை பேசி இரண்டு முறையும் அழித்துவிட்டேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்குப் போனில் வராது. அதனால்தான் பேப்பர். தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். அசல், மாவுப் பொட்டலத்தோடு பின்னால் வரும். மாவு விஷயம் கடைசியில் சொல்கிறேன்.

அங்கே ஜெர்மனியில் உங்கள் தமிழ்க் கூட்டத்தில் ஒரு பிரதர் சொன்னாராமே: ஞானஸ்நானம் வாங்காமல் போனவர்களுக்குத் தேவன் தம்மைக் காட்டவே இல்லை, ஆகவே ஆயாவுக்கு நரகம், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. இருபத்துமூன்று வயதில் நானே அந்தத் தம்பிதான். அந்தக் கதையை உனக்கு நான் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

1985இல் நான் ஞானஸ்நானம் வாங்கினேன். பெரம்பூர் ரயில்வே கேரேஜில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆயா தடுக்கவில்லை. "நல்லவன்டா அந்த ஏசு, சும்மா கும்புட்டுக்கோ" என்றது, அவ்வளவுதான். அந்த வருஷம் ஆடி வந்தது. ஆயா கூழ் ஊற்றுகிற விஷயம் உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியாது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து மார்க்கெட்டுக்கு நடந்து, விற்ற காசில் தினம் கொஞ்சம் சுருக்குப்பையின் உள்முடிச்சில் தனியாகப் போகும். வருஷம் முழுக்க அப்படிச் சேர்த்ததுதான் ஆடிக் கூழ். முந்தின ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும். விடிந்ததும் நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பு போட்டுக் கிண்டும். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, உரித்த சின்ன வெங்காயம். அம்மனுக்குப் படைத்துவிட்டுத் தெருவுக்கு ஊற்றும். யார் என்ன சாதி, எந்தச் சாமி என்று அந்த வரிசையில் யாரும் கேட்டதில்லை.

நான் வேண்டாம் என்றேன். எனக்கு அப்போது வழிகாட்டியாக இருந்த அண்ணன் ஒருவர், விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடாதே என்று சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொன்னதோடு நின்றிருக்கலாம். தெருவே பார்க்க, இது பிசாசுக்குப் படைத்தது என்றும் சொன்னேன். ஆயா கையில் சொம்பு அப்படியே நின்றது. "இன்னாடா, என் கைக்கூழு உனுக்கு ஆவலையா?" என்றது. பிறகு, "சரி, பசிச்சா வா" என்று அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டது.

அடுத்த வருஷமும் நான் போகவில்லை.

மூன்றாம் வருஷம் ஆடி வெள்ளி. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், ஆயா தூக்குச்சட்டியோடு வருகிறது. மூடியைத் திறக்காமலே வைத்தது. "ஆத்தாவுக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே உனுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன். இது படையல் இல்ல. வெறும் கூழு. துன்னு" என்றது.

அதன் அர்த்தம் உனக்குப் புரிகிறதா பாப்பா? நேர்ந்துகொண்ட கூழில் முதல் கரண்டி அம்மனுக்குத்தான். அதற்கு முன்னால் யாருக்கும் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் குற்றம் என்று ஆயா உயிராக நம்பியது. அந்தப் பயத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டுதான், என் மனச்சாட்சிக்கு இடறல் வராதபடி, எடுத்து வந்தது. கைநாட்டு வைக்கிற மனுஷி. கொரிந்தியருக்கு எழுதின நிருபம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பலவீனமான மனச்சாட்சி உள்ளவனுக்காக நான் விட்டுக்கொடுப்பேன் என்று பவுல் அதில் எழுதியிருப்பதை, பைபிளைத் தினம் சுமந்துகொண்டு திரிந்த நான் செய்யவில்லை. ஆயா செய்தது.

தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன், ஷிப்டுக்கும் லேட்.

இதை எங்கள் சபையில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "யோப்பாவிலே பேதுரு யார் வீட்டிலே தங்கினாரு?" என்று கேட்டார். தோல் பதனிடுகிற சீமோன் வீடு, கடலோரம் என்றேன். "தோல் ஷாப்புக்காரன் வீடு. அந்த நாத்தத்திலே உட்கார்ந்துகிட்டு, பசியோட, சமையல் ஆகட்டும்னு காத்திருக்கிறப்பதான் தேவன் அவருக்குத் தரிசனத்திலே, தீட்டுன்னு ஒதுக்கின மிருகமெல்லாம் இருந்த துப்பட்டியை இறக்கினாரு" என்றார். அதில் பேதுருவுக்கு வந்த வார்த்தை இது: தேவன் சுத்தமாக்கினதை நீ தீட்டாக எண்ணாதே. தீட்டு என்கிற வார்த்தைக்கு அகராதி தேவைப்படாத ஊர் நம்முடையது. அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தை நான் அதுவரை கொர்நேலியு என்கிற ரோமப் படைத்தலைவன் மனம்மாறின கதை என்றே படித்திருந்தேன். அதில் முதலில் மாறுகிறது பேதுரு. எந்த ஜனத்திலும் தேவனுக்குப் பயந்து நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்று அவர் வாயாலேயே வருகிறது. கொர்நேலியுவின் ஜெபத்தைத் தேவன் பேதுரு அங்கே போகிறதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பைபிளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். லீஸ்திரா என்கிற ஊரில் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று எண்ணி, மாலையும் எருதும் கொண்டுவந்து பலி கொடுக்கப் பார்க்கிறார்களே, அந்த ஜனத்துக்கு மோசேயும் தெரியாது, ஆபிரகாமும் தெரியாது. இந்த வீணானவைகளை விட்டுவிடுங்கள் என்று பவுல் சொல்கிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தேவன் உங்களுக்குச் சாட்சி வைக்காமல் விடவில்லை என்றும் அதே மூச்சில் சொல்கிறார். என்ன சாட்சி? மழை. விளைச்சல். ஆகாரத்தினாலும் சந்தோஷத்தினாலும் உங்கள் இருதயத்தை நிரப்பினாரே, அது. ஆயா சொம்பில் மொண்டு ஊற்றினதும் ஆகாரமும் சந்தோஷமும்தானே என்று எனக்குத் தோன்றியது. அத்தேனேயில் (ஏதென்ஸ்) இன்னும் ஒரு படி மேலே போகிறார். அறியப்படாத தேவனுக்கு என்று எழுதின பலிபீடத்தைக் காட்டி, நீங்கள் அறியாமல் வணங்குகிறவரைத்தான் நான் அறிவிக்கிறேன் என்கிறார். உங்கள் புலவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்று கிரேக்கக் கவிதையை எடுத்து வைக்கிறார். ரோமரில், வேதம் இல்லாதவர்களுக்கும் அதன் கிரியை இருதயத்திலேயே எழுதியிருக்கிறது என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி நெஞ்சில், மகனுக்காக முதல் கரண்டியை எடுத்து வை என்று எழுதினது யார்? அம்மன் எழுதியிருக்க முடியாது, அது அம்மனுக்கு விரோதமான காரியம்.

பெத்லகேமுக்கு வந்தவர்களையும் யோசித்துப் பார். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நட்சத்திரம் பார்த்து வந்தார்கள். கிறிஸ்து எந்த ஊரில் பிறப்பார் என்று வேதத்தை எடுத்துச் சொன்ன எருசலேம்காரர்கள், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. வெள்ளி பார்த்துக் கடலில் திசை பிடித்த நம்ம பெரியவர்களிடம் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

இப்போது உன் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். லைப்சிக்கில் இருக்கிறாய், பக்கத்து ஊர் ஹாலே. இன்னும் போகவில்லை என்றால் போ. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, ஹாலேயிலிருந்த லுத்தரன் சபைக்காரர்களோடு சேர்ந்தவர். இங்கே வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினவர். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் ஜனங்களைப் பற்றித் தான் எண்ணி வந்தது தப்பு என்று அவரே எழுதினார். 1713இல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தேவன் ஒருவர் உண்டு என்பதை இந்த ஜனம் இயற்கையின் வெளிச்சத்திலேயே அறிந்திருக்கிறது என்பது அதில் இருக்கிறது. அங்கே தலைவராயிருந்த பிராங்கே அதை அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று பதில் போனது. கடைசியில் அது 1867இல், நம்ம சென்னையில்தான் அச்சேறியது. உன் பிரதர் பேசின பேச்சுக்கு முந்நூறு வருஷ வயசு. அதற்குப் பதிலும் அதே வயசுதான், அதுவும் மிஷனரி கையால் எழுதினது.

அடுத்து பப்ரிஷியஸ் என்கிற மிஷனரி. அவரும் ஹாலேயில் படித்தவர். 1742இல் சென்னைக்கு வந்து வேப்பேரியில் உட்கார்ந்து பைபிளை மொழிபெயர்த்தார். அவர் புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. காட் (God) என்பதற்கு அவர் போட்ட தமிழ் வார்த்தை பராபரன். ஏறக்குறைய அவர் காலத்தில்தான் தாயுமானவர் பராபரமே, பராபரமே என்று கண்ணி கண்ணியாகப் பாடினார். பின்னால் தொண்டியிலிருந்து வந்து நம்ம பக்கத்தில் தங்கின குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். அந்தத் தொண்டியார் பேரால்தான் நம்ம பேட்டைக்கே பேர் வந்தது என்பார்கள். சைவர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், லுத்தரன் ஒருவர், மூன்று பேர் வாயிலும் ஒரே வார்த்தை. (சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தால் ஆயா தர்காவில் ஓதி ஊதிக்கொண்டு வரும், உன் அம்மா ஜெபம் பண்ணி அதைச் சரிக்கட்டுவாள். உனக்கு எதில் குணமானது என்று இதுவரை தீர்ப்பாகவில்லை.)

நான் கேட்பது இதுதான். கப்பல் வருகிறதற்கு முன்னால் தேவன் இந்தக் கரையில் இல்லையென்றால், அவரைக் கூப்பிட இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? சிலுவையில் தொங்கினவரின் பேர்தான் கப்பலில் வந்தது. அவர் யாருடைய குமாரன் என்று சொல்வதற்கு இங்கிருந்த வார்த்தையைத்தான் கடன் வாங்கினார்கள்.

அதற்காக அப்பா எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்கிற கட்சிக்குப் போய்விட்டார் என்று நினைக்காதே. அப்படிச் சொன்னால் ஆயாவுக்கே கோபம் வரும். "என் ஆத்தா வேற, உன் ஏசு வேற, அதுக்குன்னு சண்டையா?" என்று கேட்கும். நான் இன்றும் படையல் முன்னால் கைகூப்புவதில்லை. இயேசுவே வழி என்று நம்பித்தான் அவருக்குள் வந்தேன், அதில் மாற்றமில்லை. தேவனை அறிந்தும் அறியாதவர்கள் போல நடந்தார்கள் என்று ரோமர் முதல் அதிகாரத்தில் இருப்பதும் வேதம்தான். அதை ஆயாவுக்கு மட்டும் வாசித்துவிட்டு எனக்கு வாசிக்காமல் விட முடியாது. பொதுத் தெருவில் தாயைப் பிசாசோடு சேர்த்துப் பேசினவன் நான்.

இன்னொன்று. பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனைக்கு ஆயா வருஷம் தவறாமல் வரும், கடைசி பெஞ்சில் உட்காரும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தையில் "தாகமாயிருக்கிறேன்" வரும்போது மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைக்கும். ஒருமுறை வீட்டுக்கு வரும் வழியில் கேட்டது: "அம்மாம் பேர் நின்னுனு இருந்தாங்களே, அப்புறம் இன்னா குடுத்தாங்க?" காடி என்று சொன்னேன். நம் பைபிளில் அப்படித்தான் இருக்கிறது, புளித்த திராட்சரசம். ஆயா காடிக்கஞ்சியை நினைத்துக்கொண்டது. "அப்பாடா. வெயிலுக்குக் காடி நல்லதுதான்" என்றது. நான் திருத்தவில்லை.

வைகாசியில் ஆயா போனபோது மூலக்கொத்தளத்தில் சித்தப்பாதான் கொள்ளி வைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். வாய்க்குள் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்றால், ஆபிரகாம் சோதோமுக்காகக் கேட்டானே, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" அந்த ஒரே வரி. ஆயா எங்கே என்று நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதிலும் அந்த வரிதான். அதைக் கேள்வியாகத்தான் ஆபிரகாமும் கேட்டான்.

மாவு. கீழ்வீட்டுப் பையன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறான், ஒரு கிலோ கேழ்வரகு மாவு கொடுத்திருக்கிறோம். அங்கே இப்போது வெயில் காலம்தானே, ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் புளித்துவிடும். நொய் கிடைக்காவிட்டால் அரிசியை மிக்சியில் ஒரு சுற்று சுற்று. கருவாடு அனுப்பவில்லை, பையன் பெட்டி முழுக்க நாறும் என்று அம்மா விடவில்லை. வெங்காயம் போதும். அந்தப் பிரதரையும் சாப்பிடக் கூப்பிடு. எங்கேயும் படைக்காதது, முன்னாடியே எடுத்து வைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடு. சாப்பிடுவார்.

அப்பா