டாம் வில்ஸ் ஐயாவுக்கு: அந்த மூன்று சனிக்கிழமைகள்

அன்புள்ள வில்ஸ் ஐயா,

சிலையோடு பேசுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் முச்சந்திக்கு ஒரு சிலை நிற்கும். பிறந்தநாளுக்கு மாலை விழும், மற்ற நாட்களில் காக்கை உட்காரும். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே 2001 முதல் நிற்கும் உங்களுக்கு அந்த மாலையும் கிடையாது. கூட்டம் வாசலைப் பார்த்து ஓடும்போது உங்கள் பீடத்தருகே நின்று ஷூ லேஸ் கட்டுகிறவர்கள்தான் அதிகம். நானும் பல வருஷம் அந்த ரகம்தான். பெயரை நின்று படித்ததே 2025 டிசம்பர் 28 அன்று, வேறு வேலை இல்லாததால்.

அன்று, டிசம்பர் 26-இல் தொடங்கும் பாக்சிங் டே கிரிக்கெட் டெஸ்டின் மூன்றாம் நாள். கையில் டிக்கெட் இருந்தது, ஆட்டம்தான் இல்லை. முந்தின நாள் மாலையே முடிந்துவிட்டது. வீட்டில் புளியோதரை கட்டியாயிற்று, மகளும் தொப்பி போட்டுத் தயார். "மேட்ச் இல்லேன்னா என்ன, போயிட்டு வரலாம்பா" என்றாள். சரி என்று ரயிலேறி வந்து, பூட்டிய வாசலுக்கு எதிரே புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிரே நீங்கள். பையன்கள் பந்துக்கு மல்லுக்கட்ட, பக்கத்தில் நடுவராக நிற்கிறீர்கள். "இது யாருப்பா?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. ஃபுட்டி என்று இங்கே செல்லமாகச் சொல்லும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் நீங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து உங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், அது இந்தக் கடிதத்தில் வந்து நிற்கிறது.

முதலில் அந்த இரண்டு நாள் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் 94,199 பேர். அந்த மைதானத்தில் கிரிக்கெட்டுக்கு அத்தனை பேர் அதற்கு முன் கூடியதில்லை. அத்தனை பேரும் பார்க்க, ஒரே நாளில் 20 விக்கெட். ஆஸ்திரேலியா 152, இங்கிலாந்து 110. மறுநாள் ஆஸ்திரேலியா 132-க்குச் சுருள, இங்கிலாந்து நான்கு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. பிட்சில் 10 மில்லிமீட்டர் புல் விட்டிருந்தார்கள். எல்லோரும் ஆடுகளப் பராமரிப்பாளரைத் திட்டினார்கள். எனக்கென்னவோ பாதிப் பழி பேட்ஸ்மேன்களுக்குத்தான் என்று படுகிறது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைச் சும்மா விட்டுவிடுவது ஒரு கலை. இன்று அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

அந்த பிட்சே மண்ணில் பிறந்தது இல்லை, ஐயா. தொட்டிச் செடி மாதிரி வேறொரு இடத்தில் வளர்த்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நடுவில் பதிக்கிறார்கள். டிராப்-இன் பிட்ச் என்று பெயர். கோடை முடிந்ததும் பெயர்த்து எடுத்துவிடுவார்கள். எதற்கு? ஃபுட்டிக்கு. நடுவில் சிமெண்டுத் தரை மாதிரி ஒரு துண்டு இருந்தால் ஆட்டக்காரர்கள் விழுந்து முட்டி பெயரும், மழை பெய்தால் அந்த இடம் சேறாகும். தொட்டிச் செடிக்கு ஒரு வருஷம் தண்ணீர் கூடும், ஒரு வருஷம் குறையும். 2017-இல் இதே மைதானத்தில் இங்கிலாந்தின் அலஸ்டர் குக் ஆட்டமிழக்காமல் 244 அடித்தபோது பந்து எழும்பவே இல்லை. அந்த பிட்சுக்கும் 'மோசம்' என்றுதான் மதிப்பெண் போட்டார்கள். நல்ல வேளையாக, நடுவில் 2024 டிசம்பரில் ஒரு டெஸ்ட் நடந்தது. இந்தியாவோடு. ஐந்து நாளில் 3,73,691 பேர். நிதிஷ் குமார் ரெட்டி சதம் அடித்ததும் கேலரியில் அவர் அப்பா அழுததும், ஐந்தாம் நாள் கடைசி செஷன் வரை டிராவா தோல்வியா என்று நகம் கடித்ததும் மறக்காது. தோற்றோம். ஆனாலும் அது சோறு. 2025 டெஸ்ட் கொடுத்தது வெறும் வடை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

1858 ஜூலை 10. ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் நீங்கள் எழுதிய கடிதம் வெளியாகிறது. குளிர்காலம் வந்தால் கிரிக்கெட்காரர்கள் கூட்டுப்புழு மாதிரி முடங்கிப்போகிறார்கள், கைகால் விறைக்காமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கக் கூடாதா, மூன்று பேர் உட்கார்ந்து விதி எழுதக் கூடாதா என்று கேட்கிறீர்கள். அப்போது உங்களுக்கு 22 வயது. இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படித்து, அங்கே கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அடுத்த மே மாதம் நீங்களும் இன்னும் சிலரும் ஒரு ஹோட்டலில் கூடிப் பத்து விதிகளை எழுதினீர்கள். ஆக, ஃபுட்டி பிறந்தது கிரிக்கெட்காரன் உடம்பைக் கெடாமல் வைத்துக்கொள்ளத்தான். ஊறுகாய்க்கு உப்பு மாதிரி.

ஆரம்ப ஆட்டங்கள் மைதானத்துக்குள் நடக்கவில்லை, வெளியே பூங்காவில், மரங்களுக்கு நடுவே நடந்தன. நாங்கள் புளியோதரை சாப்பிட்ட அதே பூங்கா. இன்று ஃபுட்டிக்காக பிட்ச்சே வண்டியேறிப் போகிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்கள் எங்கள் ஊரில்.

ஆனால் என்னால் ஃபுட்டி மேல் கோபப்பட முடியவில்லை. 2009-இல் இங்கே வந்த புதிதில் ஆபீசில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதில்லை. உன் டீம் எது என்பது. எனக்கு அது என்ன விளையாட்டு என்றே புரியவில்லை. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், ஆஃப்சைடு கிடையாது, ஆள் முதுகில் ஏறிப் பந்தைப் பிடித்தால் கைதட்டுகிறார்கள். நான்கு கம்பங்கள் வேறு. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு, பக்கத்தில் போனால் ஒன்று. தவறவிட்டதற்கும் ஒரு புள்ளி! கணக்குப் பரீட்சையில் விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் கொடுக்கும் வாத்தியார் மாதிரி. அந்த ஒரு புள்ளியைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனது.

மறு வருஷமே, 2010 கிராண்ட் ஃபைனல். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலிங்வுட் பக்தர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு என்னையும் டிவி முன்னால் உட்கார வைத்தார். எதிரணி செயின்ட் கில்டா. கடைசி நிமிஷங்களில் கம்பங்களை நோக்கி உருண்ட பந்து, துரத்தி வந்த ஸ்டீபன் மில்னுக்குப் பிடிகொடுக்காமல் குறுக்கே துள்ளி ஓடியது. அது ஆறாக வேண்டியது, ஒன்றாகப் போனது. சைரன் அடித்தபோது 68–68. வீட்டில் யாரும் கத்தவில்லை. பாட்டியம்மா கையில் சாஸ் பாட்டிலோடு அப்படியே நின்றார். திரையில் ஆட்டக்காரர்கள் எங்கே போவது என்று தெரியாமல் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் துண்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமையும் வந்துவிடு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை காலிங்வுட் 56 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அது எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. முதல் சனிக்கிழமை மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது அந்த வழக்கம் இல்லை, ஐயா. 2016 முதல் கிராண்ட் ஃபைனல் சமமானால் அங்கேயே கூடுதல் நேரம் ஆடி முடித்துவிட வேண்டும். டிவிக்காரர்களுக்கு வசதி. ஃபுட்டி நடுவர்களும், பந்து வைத்திருப்பவர் எதிரே நிற்கும் ஆள் அசையக் கூடாது என்று, "ஸ்டாண்ட், ஸ்டாண்ட்" என்று பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் மாதிரி கத்துகிறார்கள். எல்லாம் வேகம் கூட்டத்தான். டெஸ்ட் கிரிக்கெட்டுக்கும் இதே வியாதி. ஐந்து நாள் எதற்கு, நான்கு போதாதா என்கிறார்கள். ஐந்து நாள் ஆடி முடிவு இல்லை என்றால் எதற்கு ஆட்டம் என்கிறார்கள்.

கிரிக்கெட்டில் நேரம் தீர்ந்து முடிவில்லாமல் போகும் டிரா வேறு, ரன் சமமாகி முடியும் டை வேறு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபுட்டியில் இரண்டும் ஒன்றுதான். எனக்கு இரண்டுமே வேண்டும். என் அப்பா 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இருந்தவர். உங்கள் விக்டோரியாக்காரர் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட டெஸ்ட். கடைசி நாள், கடைசி ஓவர், ஒரு பந்து மிச்சம், மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ. 348 வேண்டிய இடத்தில் 347. டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டே இரண்டு டை. இன்னொன்று 1960-இல் பிரிஸ்பேன் கப்பாவில். அப்பா சாகும்வரை "நாம ஜெயிச்சிருந்தா இவ்வளவு நாள் பேசியிருப்பேனா" என்பார்.

டிராவுக்கு 2021 ஜனவரி 11, சிட்னியில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட். நம் பேட்ஸ்மேன் ஹனுமா விஹாரிக்குத் தொடையின் பின்தசை கிழிந்திருக்கிறது. ஃபுட்டிக்காரர்கள் பாதிப் பேரை வீட்டில் உட்கார வைக்கும் அதே காயம். அஸ்வினுக்கு முதுகு வலி, காலையில் குனியவே முடியவில்லை. ஓட முடியாத இருவரும் நாற்பது ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. நடுநடுவே அஸ்வின் தமிழில் பேசியது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. மெல்பர்னில் என் வீட்டு சோபாவில், எங்கள் தெருவில் பேசுகிற தமிழ், சிட்னி மைதானத்து ஸ்டம்பிலிருந்து வருகிறது! முடிவு: டிரா. அடுத்த வாரம் கப்பாவில் ஜெயித்து தொடரையே வென்றார்கள், அதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு சிட்னிதான்.

என் ஃபுட்டி டீம் எது என்று நீங்கள் கேட்கவில்லை. மெல்பர்ன்தான், நீங்கள் ஆரம்பித்த கிளப். நியாயமான காரணம் ஒன்றும் இல்லை, ஊர் பெயர் என்பதால் பிடித்துக்கொண்டேன். 1964-க்கு அப்புறம் கோப்பையே இல்லை என்று பெரியவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. 57 வருஷம் கழித்து 2021-இல் ஜெயித்தார்கள், அதுவும் பெர்த்தில். கோவிட் ஊரடங்கு, நாங்கள் வீட்டுக்குள். மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கி, கடைசியில் 74 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் மகளோடு பால்கனிக்கு வந்து தட்டைத் தட்டினேன். பின்னால் எங்கோ யாரோ ஒருவர் பதிலுக்குத் தட்டினார்.

உங்களைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் என்னை உறுத்துகிறது. ஒன்று சிறியது. நீங்கள் பந்தை வீசவில்லை, எறிகிறீர்கள் என்று காலமெல்லாம் புகார் இருந்திருக்கிறது. 1872-இல் அதற்காக நோபால் கொடுத்திருக்கிறார்கள். அதே பழியை 1995 பாக்சிங் டே அன்று, உங்கள் சிலைக்குப் பின்னால் இருக்கும் அதே மைதானத்தில், கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன் சுமந்தார். ஏழு முறை நோபால். அதற்குப் பின் அவர் 800 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். அவருக்காவது கையை அளந்து பார்க்கக் கருவி வந்தது.

இன்னொன்று பெரியது. 1861-இல் குயின்ஸ்லாந்தில் உங்கள் அப்பாவும் உடன் இருந்த 18 பேரும் பூர்வகுடியினரால் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க வெள்ளையர்கள் கொன்ற பூர்வகுடியினர் அதைவிடப் பல மடங்கு. அதில் உங்கள் கையும் இருந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1866 டிசம்பர் 26 அன்று, பூர்வகுடி ஆட்டக்காரர்களின் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக நீங்களே இந்த மைதானத்தில் இறங்குகிறீர்கள். சிறுவயதில் அவர்கள் மொழியைப் பேசி வளர்ந்தவர் நீங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. 44 வயதில், குடியில் நொறுங்கி, உங்கள் உயிரை நீங்களே மாய்த்துக்கொண்டீர்கள். கல்லறைக்கு நூறு வருஷம் கல்கூட இல்லை. மகளுக்கு இதில் பாதியைத்தான் இப்போதைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குப் பிடித்த பகுதி வேறு. 1858 ஆகஸ்ட் 7, ஸ்காட்ச் காலேஜுக்கும் மெல்பர்ன் கிராமருக்கும் ஆட்டம். பக்கத்துக்கு நாற்பது பையன்கள், பூங்கா மரங்களுக்கு நடுவே. நடுவர்கள் நீங்களும் ஜான் மெக்கடமும். மெக்கடேமியா கொட்டைக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அணிக்கொரு கோல். முடிவு வரவில்லை. ஆகஸ்ட் 21, சனிக்கிழமை, மறுபடி ஆடினார்கள். முடிவு வரவில்லை. செப்டம்பர் 4, இன்னொரு சனிக்கிழமை. அப்போதும் வரவில்லை. டிரா என்று விட்டுவிட்டார்கள். உங்கள் ஃபுட்டியின் முதல் பெரிய ஆட்டமே ஒரு டெஸ்ட் மேட்ச், ஐயா!

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்த மூன்றாம் சனிக்கிழமை சாயங்காலம், போதும்டா பசங்களா, வீட்டுக்குப் போங்கள் என்று முதலில் சொன்னது யார்? நீங்களா, மெக்கடமா? மகள் மெக்கடம் என்கிறாள். நான் உங்களுக்கு அந்த மனசு வந்திருக்காது என்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் நாள் டிக்கெட்டை இன்னும் போனில் வைத்திருக்கும் ஒருவன்