யார் போட்ட கையெழுத்து?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நில அபகரிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அடுத்தவர் நிலத்தை விற்ற அத்தனை பேரையும் 'போலிப் பத்திரம் தயாரித்தவர்கள்' என்கிறது. பத்திரம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் இதே எண்ணத்தோடுதான் காவல் நிலையப் படியேறுகிறார்கள்.

ஊரான் நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லி, தன் பெயரிலேயே கையெழுத்திட்டு ஒருவர் கிரையம் செய்து கொடுத்தால், சட்டப்படி அது பொய்யாவணம் (போலிப் பத்திரம்) ஆகாது. முகமது இப்ராஹிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணம் கொடுத்து வாங்கியவர் வேண்டுமானால் மோசடிப் புகார் தரலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் தர முடியாது. சட்டத்தின் கண்ணில் ஏமாற்றப்பட்டவர் அவர் அல்லர். என்ன கொடுமை இது!

மாறாக, உண்மையான கைரேகை உள்ள பத்திரமே பொய்யாவணம் ஆகலாம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியிடம் 'கடன் பத்திரம்' என்று சொல்லிக் கிரையப் பத்திரத்தில் பெருவிரலை உருட்ட வைத்தால், அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 335-ஆம் பிரிவு சொல்லும் பொய்யாவணம். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத குடிபோதையில் இருப்பவரிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவதும் அப்படியே. இது தெரியாமல், 'ரேகை என்னுடையதுதானே' என்று வாய்மூடிப் போனவர்கள் ஏராளம்.

நிலத்துக்காரர் போல வேறொருவர் வந்து கையெழுத்திடும் ஆள்மாறாட்டத்தில் வேறு சிக்கல். பொய்யாவணத்தை உருவாக்கியவரைத்தான் அக்குற்றத்துக்குத் தண்டிக்கலாம் என்று, தமிழ்நாட்டுப் பவர் பத்திர (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) வழக்கு ஒன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புலனாய்வின் குறைகளையும் கண்டித்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பவரின் புகைப்படமும் ரேகையும் பதிவாகின்றன. புகார் வந்தவுடன் அந்த ரேகையை ஒப்பிட்டு, வந்து நின்றவர் யார் என்று தேடுவதல்லவா முதல் வேலை?

மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-இல் நடைமுறைக்கு வந்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. சொந்தக்காரருக்கு மீதமிருப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் உரிமையியல் வழக்குதான். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. உரிமையில்லாத நிலத்தை, தெரிந்தே எழுதிக் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கி, நிலத்துக்காரரே புகார் தர வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும்.

– ஆவண எழுத்தர், தென்காசி