கடல் வற்றும் நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். கடலோரச் சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள் விடுதி, சாப்பாடு, கோட்டை எல்லாம் சொல்லிவிட்டு, கடல் ஏறி வற்றும் நேரத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதுதானே முக்கியம்! இங்கிலாந்தின் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் தீவுக் கோட்டைக்குப் போகும் கல் பாதை கடல் வற்றினால்தான் வெளியே தெரியும், மற்ற நேரத்தில் படகுதான், கடல் கொந்தளித்தால் அதுவும் ஓடாது. வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், போன வாரம் போய்வந்தவர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. அப்புறம், சீசன் முடிந்துவிட்டால் சின்ன ஊர்களில் பல உணவகங்கள் சீக்கிரமே அடைத்துவிடும், அதனால் ராத்திரி சாப்பாடு உண்டா என்று அறை பதியும்போதே விடுதியில் கேட்டுவிடுவது நல்லது. உங்கள் பயணப் பக்கத்தில் இதையெல்லாம் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர்