பரங்கிப்பேட்டையை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காந்தியடிகள் மதுரையில் அரையாடைக்கு மாறியது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1921 செப்டம்பர் 22ஆம் தேதியை அவ்வளவு விரிவாக எழுதியவர், அதே பயணத்தில் சில நாள் முன்பு காந்தி எங்கள் பரங்கிப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அடிக்கல் நாட்டியதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பெரிய மனக்குறை.

அந்தப் பள்ளிதான் சேவாமந்திர். தொடங்கியவர் டென்மார்க்கிலிருந்து 1909இல் கிறிஸ்தவ மிஷன் ஊழியராக வந்த ஆன் மேரி பீட்டர்சன். 1917இல் தோழி எஸ்தர் ஃபேரிங்குடன் சபர்மதி ஆசிரமம் போய்வந்தார். காந்தியோடு இவர்கள் பழகியது மிஷனுக்கும் பிடிக்கவில்லை, வெள்ளை அரசுக்கும் பிடிக்கவில்லை. பீட்டர்சன் அசரவில்லை, மிஷனை விட்டே விலகிவிட்டார். மேல்நாட்டு முறையில் நடக்கும் விடுதிகளில் படித்த பெண்கள் சொந்த ஊருக்கே அந்நியமாகிப் போகிறார்கள் என்று அவர் வருந்தினார். அதனால்தான் தாய்மொழி, கதர், கைத்தொழில், அரசு மானியத்தை நம்பாத நிர்வாகம் என்று தன் பள்ளியை அமைக்க முனைந்தார். அவர் நாட்டுச் சிந்தனையாளர் குருண்ட்விக் வகுத்த, எளிய மக்களுக்கான கல்வியும் காந்தியின் ராட்டையும் நம் கடலோர ஊரில் ஒன்றுசேர்ந்தது சாதாரண விஷயமா?

என் பெரியம்மா அந்த விடுதியில் தங்கிப் படித்தவர். அவர் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். விடுதி இல்லையென்றால் அவர் படிப்பும் அதோடு போயிருக்கும். வயதான பிறகும் திண்ணையில் உட்கார்ந்து எங்களோடு பேசிக்கொண்டே தக்ளி என்னும் கைக்கதிரில் நூல் நூற்பார். கண் எங்கள் மேல் இருக்கும். பஞ்சிலிருந்து இழை அறாமல் இறங்கும். அறுந்தாலும் பேச்சை நிறுத்தாமல் விரல் நுனியிலேயே முறுக்கி ஒட்டிவிடுவார்.

பீட்டர்சன் 1951இல் மறைந்தார். பள்ளி மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்து நிற்கிறது. ஆனால் தொடக்க காலத்து விடுதி வாழ்க்கையை நேரில் கண்டவர்களிடம் கேட்டவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். என் பெரியம்மாவும் இப்போது இல்லை. சிதம்பரம், புவனகிரி பக்கம் மூத்த மாணவிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய படங்கள் இருக்கும். தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.