கேடயச் சவரனில் இருந்து தொடங்கு

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் இரண்டு காசுகளின் படங்களும் கிடைத்தன. முட்டி வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனி சவரன் (sovereign) என்னும் பழைய பிரிட்டிஷ் தங்கக் காசு சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம்.

வருஷ வரிசைப்படி வாங்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். பணம் கரையும், தட்டில் ஒரே முகம் முப்பது தடவை இருக்கும். பின்பக்க வடிவம் எப்போதெல்லாம் மாறியதோ அப்போதைய காசு ஒவ்வொன்று, கூடுமானவரை தேயாததாக வாங்கு.

1817இல் புதுச் சவரன் வந்தபோது அதில் குதிரைமேல் புனித ஜார்ஜைச் செதுக்கியவர் இத்தாலியரான பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி. 1820 வரை அந்த உருவத்தைச் சுற்றி எழுத்துப் பொறித்த பட்டை ஓடும். ஜார்ஜ் கையில் உடைந்த ஈட்டிக் காம்பு இருக்கும். 1821 முதல் பட்டை கிடையாது, கையில் வாள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக் காசுகளின் விலை நமக்கு எட்டாது. 1819இல் அடித்ததே 3,574தான்.

1825இல் பின்பக்கத்தில் புனித ஜார்ஜ் போய்க் கேடயம் வந்தது. ழான் பாப்டிஸ்ட் மெர்லென் வரைந்தது. விக்டோரியா காசில் கேடயத்தைச் சுற்றி இலைமாலை, மேலே கிரீடம், அடியில் ரோஜா, திசில் என்ற முட்பூ, ஷாம்ராக் என்ற மூவிலை. 1871இல் ஜார்ஜ் திரும்பி வந்தும் லண்டனில் 1874 வரையும் ஆஸ்திரேலியாவில் 1887 வரையும் கேடயமும் அடித்தார்கள். எல்லாரும் குதிரைக்காரனையே தேடுவதால் இதற்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். எட்டு கிராம் கூட இல்லாத காசில் ஸ்காட்லாந்துச் சிங்கம், அயர்லாந்து யாழின் நரம்பு வரை தனித்தனியாகத் தெரிவதைப் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் தோன்றும்.

நீ படம் அனுப்பிய 1872 கேடயத்தை 10 மடங்கு லென்ஸில் பார். மாலையின் முடிச்சுக்குக் கீழே, ரோஜாவுக்கு மேலே ஒரு சின்ன எண் இருந்தால் அது அச்சு எண். எந்த அச்சு எப்படி உழைக்கிறது என்று கண்டுபிடிக்க லண்டன் நாணயச்சாலை 1863 முதல் போட்டது. அதே இடத்தில் எஸ் இருந்தால் சிட்னியில் அடித்தது, எம் இருந்தால் மெல்போர்னில் அடித்தது. 1871 முதல் 1887 வரையான இளம் விக்டோரியா தலைக் காசு ஜார்ஜ் வகையாக இருந்தால் எழுத்து ராணியின் கழுத்துக்கு அடியில் இருக்கும். 1887இல் ராணியின் ஆட்சிப் பொன்விழாவுக்கு வந்த ஜூபிலி தலையில் இருந்து அது பின்பக்கத்தில், வருஷத்துக்கு மேலே, குதிரைக்கு அடியில் உள்ள தரைக்கோட்டில் வரும்.

உன் இரண்டாவது காசில் அந்தக் கோட்டில் ஆங்கில ஐ (I) என்று இருக்கிறது. பம்பாயில் அடித்தது, பம்பாய்ச் சவரன் எல்லாவற்றிலும் வருஷம் 1918தான். ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் தலைக்கு நேர் மேலே விளிம்புப் பற்கள் மழுங்கி, அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. வளையம் பற்றவைத்து எடுத்த தடம் அது. பக்கவாட்டு வரிகளிலும் அங்கே பொடி அடைத்திருக்கும். தங்க விலைக்கு மேல் கொடுக்காதே.

சோதனைக்கு மூன்று அளவுகளை மனப்பாடம் செய்துகொள்: எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், 22 காரட். புழக்கத்தில் தேய்ந்தது 7.94 வரை இறங்கியிருந்தால் பரவாயில்லை. 8.02 என்று காட்டினால்தான் சந்தேகப்படு. அடுத்து தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துச் சுழியாக்கு. மெல்லிய நூலில் காசைக் கட்டி முழுக மூழ்கும்படி, அடியிலும் சுவரிலும் படாமல் தொங்கவிடு. தராசு 0.45, 0.46 காட்டவேண்டும். காற்றுக்குமிழி ஒட்டினால் எண் ஏறும். தட்டிவிட்டு மறுபடி பார். அதே எடையில் பித்தளை என்றால் 0.9 தாண்டிவிடும்.

இந்தச் சோதனையில் பிடிபடாத போலியும் உண்டு. 1950களில் பெய்ரூட் பக்கம் சரியான தங்கத்திலேயே அடித்துத் தள்ளினார்கள். அதைக் கண்ணால்தான் பிடிக்கவேண்டும்: எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி போல வழவழப்பாக இருக்கும், வெற்றுப் பரப்பில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும், விளிம்புப் பற்கள் ஒழுங்காக இருக்காது. 1917 லண்டன் காசு என்று யாராவது நீட்டினால் இன்னும் கவனம். அது அபூர்வம், அதே வருஷத்து சிட்னி, பெர்த் காசுகள் சாதாரணம். லண்டன் காசில் எழுத்து இருக்காது என்பதால், தரைக்கோட்டில் எழுத்தைச் சுரண்டிய கீறல் இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்.

தேய்மானம் முதலில் ஜார்ஜின் மார்பு, தொடை, குதிரையின் தோள், ராணியின் காதுக்கு மேல் முடி ஆகிய இடங்களில் தெரியும். எதையும் பாலிஷ் போடாதே. அச்சடித்தபோது வந்த பளபளப்பு ஒருமுறை போனால் போனதுதான். செம்பு கலந்த தங்கம் என்பதால் சில காசுகளில் சிவப்புப் புள்ளி இருக்கும், அப்படியே விடு. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பசை ஒட்டினால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடு, துணியால் தேய்க்காதே.

முதலில் நல்ல விக்டோரியா கேடயம் ஒன்று, பிறகு ஜூபிலி தலை, தாமஸ் பிராக் என்ற சிற்பி வடித்த, முக்காடிட்ட விக்டோரியாவின் தலை என்று போ. அந்த 1872இல் அச்சு எண் என்ன என்று எழுது. வாங்குமுன் பக்கவாட்டுப் படமும் அனுப்பு.

அன்புடன்,
கதிரேசன்