போன கால், முளைத்த கால்

அன்புள்ள வசு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். நடுவில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை வந்துவிட்டது. இப்போது கண் பளிச்சென்று தெரிகிறதாம். அதனால் எந்த மூலையில் ஒட்டடை, எந்தப் பாத்திரத்தில் கறை என்று தினமும் எனக்கு அறிக்கை வருகிறது. உன் பையனுக்குக் கோவையில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும், "அவன் சின்னப் பையனாச்சே!" என்றார். இன்னும் நம்பவில்லை.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். என் பேச்சைக் கேட்டு 'தி ஆர்வில்' என்ற விண்கப்பல் தொடரைப் பார்க்க உட்கார்ந்து, ஐந்தாவது எபிசோடோடு மூடி வைத்துவிட்டாய். "பிரச்சினையைப் பேச வந்தா பேசணும், ஜோக் அடிக்க வந்தா ஜோக் அடிக்கணும். ரெண்டையும் ஒரே கப்பலில் ஏத்தி எதுக்குடி ஓட்டணும்?" என்று கேட்டிருக்கிறாய். உன்னை நிறுத்த வைத்தது அந்தக் கால் காட்சி என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் எனக்கும் பேச வேண்டும்.

ஐசக் என்ற இயந்திரனுக்கு மனிதர்களின் குறும்பு என்றால் என்ன என்று புரியவில்லை. கப்பலை ஓட்டும் கார்டன் விளையாட்டாக அவன் முகத்தில் பொம்மையின் மூக்கு, மீசையை ஒட்டுகிறான். பதிலுக்கு ஐசக், கார்டன் தூங்கும்போது ஒரு காலையே வெட்டி ஒளித்து வைத்துவிடுகிறான். டாக்டர் புதுக் கால் முளைக்க வைக்கிறார். பழைய கால் ஒருநாள் கூரையிலிருந்து தொப்பென்று விழுகிறது. நான் சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனால் உன் எரிச்சலும் நியாயம்தான். காலை இழந்தவன் அடுத்த வாரமே ஒன்றும் நடக்காததுபோல் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தால், அந்த உலகத்தில் வேறு எது நடந்தாலும் நாம் ஏன் பதற வேண்டும்?

இப்போது இன்னொரு கால். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் நோக் என்று ஒரு பையன். ஃபெரங்கி இனம்: பெரிய காது, வியாபார புத்தி, லாபம் சம்பாதிக்க 285 விதிகள். அந்த இனமே தொடரில் பாதி நேரம் சிரிப்புக்குத்தான். 1993-இல் முதல் எபிசோடில் திருட்டில் மாட்டிக்கொள்ளும் விடலையாக வருகிறான். பிறகு ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையில் சேர வேண்டும் என்று தளபதி சிஸ்கோவிடம் பணமூட்டையோடு வந்து நிற்கிறான். லஞ்சம்! அதுவும் சிரிப்புதான். ஏன் சேர வேண்டும் என்று சிஸ்கோ உலுக்கிக் கேட்கும்போது உண்மை வெளியே வருகிறது. அப்பா இயந்திர வேலையில் மேதை, ஆனால் ஃபெரங்கி என்றால் வியாபாரம்தான் என்று நம்பி, வராத வியாபாரத்தில் வீணாய்ப் போனவர். தானும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பையன் பயப்படுகிறான். சிரித்துக்கொண்டே இருந்த எனக்குச் சட்டென்று அவன்மேல் பாசம் வந்தது அங்கேதான்.

இதைக் கவனி. 1998-இல் வந்த ஏழாவது சீசன். நான்காவது எபிசோடில் எல்லோரும் சேர்ந்து பேஸ்பால் ஆடித் தோற்கிறார்கள், முழுக்கக் கலாட்டா. ஆறாவதில் ஒரு உதிரி பாகத்துக்காக நோக் பண்டமாற்று செய்து செய்து, கடைசியில் சிஸ்கோவின் மேசையையே யாருக்கோ இரவல் கொடுத்துவிடுகிறான். வயிறு வலிக்கச் சிரித்தேன். எட்டாவது எபிசோடில் அதே நோக்கைப் போர்முனைக்கு அனுப்பி, காலை எடுத்துவிடுகிறார்கள். அதை இயக்கிய வின்ரிச் கோல்பே நிஜமாகவே வியட்நாம் போரில் இருந்தவர். அந்த எபிசோடில் நோக்கின் பெரியப்பா குவார்க்கும் கூட இருக்கிறார், மதுக்கடைக்காரர், தொடரின் நிரந்தரக் கோமாளி. மனிதர்களுக்கு வயிறு நிறைந்து வசதியும் இருக்கும்வரை நல்லவர்கள், அதையெல்லாம் பிடுங்கிவிட்டால் எவ்வளவு கொடூரமாக மாறுகிறார்கள் பார் என்று அவர்தான் பையனிடம் சொல்கிறார். ஒரு கேப்டன் சொல்லியிருந்தால் அது பிரசங்கம். கல்லாப்பெட்டிக்காரர் சொல்வதால் உறைக்கிறது.

பத்தாவது எபிசோடுதான் நான் சொல்ல வந்தது. நோக்குக்கும் மருத்துவர்கள் செயற்கைக் கால் பொருத்திவிடுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. கார்டனைப் போலவே. ஆனாலும் நோக் நொண்டுகிறான், வலிக்கிறது என்கிறான். யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. கடைசியில் 1962-ஆம் ஆண்டின் லாஸ் வேகஸ் கேளிக்கைக்கூடம் ஒன்றின் ஹோலோகிராமுக்குள், அதாவது ஒளியால் ஆன மாயக் காட்சிக்குள், போய்க் குடியேறிவிடுகிறான். அங்கே பாடும் விக் ஒரு மாயப் பாடகர், அவரும் தமாஷ் பேர்வழிதான். அவர் இவனுக்குக் கணக்கு எழுதும் வேலை கொடுத்து உட்கார வைக்கிறார். இவன் அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறான் என்று தெரிந்ததும், "வெளியே போ" என்று சொல்லி, விளக்கை அணைப்பதுபோல் அந்த மாயக் காட்சியையே நிறுத்திவிடுகிறார். அப்போதுதான் பையன் உடைகிறான். எனக்கே குண்டு படும், எனக்கே கால் போகும் என்றால், இனி எது வேண்டுமானாலும் நடக்குமே என்கிறான். நோக்காக நடித்த ஆரன் ஐசன்பர்க் 2019-இல் இறந்துவிட்டார். போரிலிருந்து திரும்பியவர்கள் அந்த எபிசோடுக்காகத் தன்னைத் தேடி வந்து பேசியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, காலை வைத்துச் சிரிக்கலாமா கூடாதா என்பதல்ல என் கேள்வி. கதை அதை மறுவாரம் ஞாபகம் வைத்திருக்கிறதா என்பதுதான். ஆர்வில்லின் முதல் சீசனில் பல ஜோக்குகள் நம்ம ஊர் பழைய படத்தின் காமெடி ட்ராக் போல. கழற்றி எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இன்னும் மோசம், ஒரு வேற்றுக்கிரகவாசியின் உடல் வாடையில் மயங்கிக் கேப்டனும் அவருடைய முன்னாள் மனைவியும் அவன் பின்னால் அலைகிறார்களே, அந்த எபிசோட். சம்மதம் என்ற ஒரு பெரிய விஷயத்தைத் தூக்கி வந்து, சிரித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார்கள். நீ அதுவரை போகவில்லை. நல்லது.

ஆனால் மூன்றாவது எபிசோடை நீ பார்த்தாய் அல்லவா? ஆண்கள் மட்டுமே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மொக்லன் இனத்தில், கப்பலின் அதிகாரி போர்ட்டஸுக்கும் அவன் துணைவன் க்ளைடனுக்கும் பெண் குழந்தை பிறக்கிறது. அறுவை செய்து ஆணாக்கிவிட வேண்டும் என்று இருவருமே நிற்கிறார்கள். கேப்டன் வாதாடுகிறார், டாக்டர் மறுக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நண்பர்கள் பீரோடு வந்து 1964-இன் சிவப்பு மூக்குக் கலைமான் கிறிஸ்துமஸ் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஊரே கேலி செய்த மூக்குதான் கடைசியில் மூடுபனியில் வழிகாட்டுகிறது. சிரிக்கவே தெரியாத அந்த மலை மாதிரி போர்ட்டஸ், மனம் மாறிவிடுகிறான்! இதைக் கழற்றிப் பார், கதையே நிற்காது. பிறகு நடுவர் மன்றத்தில் தோற்றும்போகிறார்கள், அறுவையும் நடந்துவிடுகிறது. ஜோக் ஜெயிக்கவில்லை பார், அதனால்தான் எனக்கு அந்த எபிசோட் பிடிக்கும்.

தொடர் அதை மறக்கவும் இல்லை. 2022-இல் மூன்றாவது சீசனில் அந்தக் குழந்தை டோப்பா வளர்ந்து, தன்னிடம் ஏதோ சரியில்லை என்று தானே உணர்ந்து, உண்மையைத் தெரிந்துகொண்டு, மறுபடி பெண்ணாகிறாள். யார் அறுவை செய்கிறார் தெரியுமா? காலை வெட்டிய அதே ஐசக். இதை வேண்டுமென்றே செய்தார்களா என்று தெரியாது, எனக்கு மட்டும் பொறி தட்டியது. க்ளைடன் தன் மகளைப் பார்த்து, நீ பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகும் காட்சியில் நான் டிவியை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டேன். இந்த சீசனில் சிரிப்பு ரொம்பக் குறைந்துபோனதில் எனக்கு வருத்தம்தான். போர்ட்டஸ் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை சிறுநீர் கழிக்கச் சொந்த கிரகத்துக்குப் போவான், அதற்கு ஒரு சடங்கு வேறு. அந்த மாதிரி கூத்து இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

சிரிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு 1969-இல் பழைய ஸ்டார் ட்ரெக் ஒன்று செய்தது. பாதி முகம் கறுப்பு, பாதி வெள்ளை, எந்தப் பக்கம் எந்த நிறம் என்பதற்காக அழித்துக்கொள்ளும் இரண்டு பேர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒன்பது மாதமே ஆகியிருந்த நேரம், அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் நடுவிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதற்கு ஓராண்டு முன்னால் வந்த ட்ரிபிள் கதை, கப்பல் முழுக்கப் பஞ்சுருண்டைப் பிராணிகள் குட்டி போட்டு நிறையுமே, அதுவும் விஷம் கலந்த தானியத்தைப் பற்றியதுதான். தானியம் தின்ற பிராணிகள் செத்துக் கிடப்பதை வைத்துத்தான் சதியைக் கண்டுபிடிக்கிறார்கள். யாரும் அங்கே பசியைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை.

நீ ஆர்வில்லை அப்படியே விட்டுவிடு, பரவாயில்லை. டீப் ஸ்பேஸ் நைனின் ஏழாவது சீசனில் நான்கு, ஆறு, எட்டு, பத்து, இந்த வரிசையில் பார். நேராகப் பத்துக்குத் தாவாதே. மேசையை இரவல் கொடுத்தவனைத் தெரியாமல் கால் போனவனைப் பார்த்து ஒன்றும் ஆகாது.

அப்புறம், உன் பையன் கோவையில் வீடு பார்க்கிறான் என்றால் என் அண்ணனிடம் சொல்கிறேன், அவன் இருப்பது பீளமேட்டில். வாடகை எவ்வளவுக்குள் என்று எழுது. அம்மா உன்னிடம் வடகம் கேட்கச் சொன்னார், வெங்காய வடகம்தான் வேண்டுமாம்.

உன்
மாலா