நேர்காணல்தான் பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோய் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நோயின் காரணங்களையும் மருந்துகளின் பயனையும் கட்டுரையாளர் பொறுப்புடன் விளக்கியிருந்தார். ஆனால், ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லாமல் வெறுமனே பேசிப் பார்த்தே மருத்துவர்கள் இந்நோயை முடிவு செய்துவிடுகிறார்கள் என்று ஒரு குறையாக அவர் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மருத்துவ உளவியலாளராக இத்தகைய நேர்காணல்களை நடத்துவதே என் அன்றாடப் பணி.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 2.4 கோடிப் பேருக்கு, அதாவது சுமார் 300 பேரில் ஒருவருக்கு, மனச்சிதைவு நோய் இருக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ அது தொடங்குகிறது. யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பது, தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்பது போன்ற அசைக்க முடியாத நம்பிக்கை, கோவையற்றுப் போகும் பேச்சு, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போதல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இவற்றுள் முதலிரண்டும் அவரவர் அனுபவத்துக்குள் மட்டுமே இருப்பவை. ஒருவருக்குக் கேட்கும் குரலை இன்னொருவர் கேட்பதற்கு எந்தக் கருவியும் இன்றுவரை இல்லை. அவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யப்படுவது உண்டு. தைராய்டு கோளாறு, வலிப்பு நோய், மூளை அழற்சி, போதைப் பொருள் போன்ற வேறு காரணங்களால் இதே அறிகுறிகள் தோன்றியிருக்கின்றனவா என்று விலக்கிப் பார்ப்பதற்காகவே அவை. மனச்சிதைவு நோய் இருக்கிறது என்று உறுதி செய்யும் வேலை நேர்காணலுடையது.

"குரல் கேட்கிறதா?" என்று கேட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ படிவத்தில் குறித்துக்கொள்வதற்கு நேர்காணல் என்று பெயரில்லை. கேட்பது ஒரு குரலா, பல குரல்களா, தெரிந்தவருடையதா, காது வழியாக வெளியிலிருந்து வருகிறதா, தலைக்குள்ளேயே எழுகிறதா, அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனவா, அவருக்குக் கட்டளையிடுகின்றனவா, தூக்கம் வரும் நேரத்தில் மட்டும்தானா என்றெல்லாம் படிப்படியாக விசாரிக்க வேண்டும். நம்பிக்கைகளும் அப்படித்தான். "அவர்கள் உங்களைக் கண்காணிப்பதாக எப்போது முதல் தோன்றியது? வேறு காரணம் இருக்கலாமோ என்று என்றைக்காவது நினைத்ததுண்டா?" என்ற கேள்விக்கு வரும் பதில்தான் சாதாரணச் சந்தேகத்தையும் நோயின் நம்பிக்கையையும் பிரித்துக் காட்டும். அவர் சார்ந்த சமூகத்தில் எல்லாரும் நம்பும் ஒன்றை அவரும் நம்பினால் அது நோய் ஆகாது என்பதையும் கேட்பவர் மறந்துவிடக் கூடாது.

ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் முன் அவர் தலை சற்றே இடப்பக்கம் சாய்ந்தது. கேள்விகளை நிறுத்திவிட்டு, சிறிது நேரம் அவருடைய தூக்கத்தைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பேசியபின், "நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் ஏதாவது கேட்கிறதா?" என்று கேட்டேன். "உங்களிடம் எதையும் சொல்லாதே என்கிறான்" என்றார். எதிர்மறைப் பதில்கள் மட்டும் நிறைந்த ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்தக் குரல் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு அவருடைய தாயாரிடம் தனியே பேசியபோது, பல மாதங்களாகக் கைபேசியின் கேமரா மீது மகன் காகிதம் ஒட்டி வைத்திருந்ததும், ஜன்னலோரம் உட்கார மறுத்ததும் தெரியவந்தன.

குடும்பத்தினரைத் தனியே சந்திப்பதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி நோயின் தாக்கம் 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அறிகுறிகள் 1 மாதமாவது இருந்திருக்க வேண்டும். தன் மாற்றத்தை மாற்றமாகவே உணராத ஒருவரால் அது எப்போது தொடங்கியது என்று சொல்ல இயலாது. வீட்டில் இருப்பவர்களால் சொல்ல முடியும்.

இன்னும் கடினமானது மௌனத்தைப் புரிந்துகொள்வது. உணர்ச்சியற்ற முகத்துடன், கேட்டதற்கு மட்டும் ஓரிரு சொற்களில் பதில் சொல்பவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கலாம். கடும் மனச்சோர்வு இருக்கலாம். உட்கொள்ளும் மருந்தினால் தசைகள் இறுகியிருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் இது விளங்காது. உள்ளுக்குள் துக்கமாக இருக்கிறதா, எதுவுமே தோன்றவில்லையா, உடம்பு ஒத்துழைக்க மறுக்கிறதா என்று பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

நேர்காணல் தவறவே தவறாது என்று நான் வாதிட வரவில்லை. 1960-களில் நியூயார்க், லண்டன் மருத்துவர்கள் இந்நோயைக் கண்டறிந்த விதத்தில் பெரிய வேறுபாடு இருந்தது. ஒத்த நோயாளிகளையே அமெரிக்க மருத்துவர்கள் மனச்சிதைவு என்றும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பெரும்பாலும் மனநிலைக் கோளாறு (மனச்சோர்வு, மிகை உற்சாகம் போன்றவை) என்றும் கூறினர். இரு நாட்டு ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான கேள்விமுறையைப் பயன்படுத்தி விசாரித்தபோது அந்த வேறுபாடு பெருமளவு மறைந்துபோனது. நேர்காணலின் குறையை இன்னும் நல்ல நேர்காணலே தீர்த்தது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் விங் உருவாக்கிய கேள்விமுறையும், 30 அறிகுறிகளை 1 முதல் 7 வரை மதிப்பிடும் 'பான்ஸ்' என்ற 1987-ஆம் ஆண்டு அளவுகோலும் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே. குரல்கள் ஒருவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது போல, ஜெர்மானிய மனநல மருத்துவர் குர்ட் ஷ்னைடர் 1939-இல் முதன்மை அறிகுறிகள் என வகுத்த சிலவற்றுக்கு நெடுங்காலம் தரப்பட்ட தனிச்சிறப்பும் 2013-இல் அமெரிக்க வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. அவை இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) போன்ற பிற நோய்களிலும் காணப்படுகின்றன என்பது பலரையும் பொறுமையாக விசாரித்ததில்தான் தெரியவந்தது.

எனக்கு உண்மையான கவலை தருவது அவசரம். குரலைப் பற்றி நோயாளி பேச முற்படும்போது, அதைப் பேசினால் நோய் வலுத்துவிடுமோ என்று பேச்சை மாற்றிவிடுபவர்கள் உண்டு. "அதெல்லாம் பொய்" என்று வாதிடுபவர்களும், அமைதிப்படுத்துவதற்காக "ஆமாம், உண்மைதான்" என்று தலையாட்டுபவர்களும் உண்டு. அவருக்கு அது எவ்வளவு அச்சமூட்டுகிறது என்பதை ஏற்றுக்கொண்டு, அதன் உண்மை பொய்யை அப்போதைக்கு ஒதுக்கி வைப்பதே சரி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா, குரல்கள் அப்படிக் கட்டளையிடுகின்றனவா என்று நேரடியாகக் கேட்கத் தயங்கவே கூடாது. மனச்சிதைவு நோயாளிகளுள் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் தற்கொலையால் இறக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இந்நோய் பற்றித் தாங்கள் மீண்டும் எழுதினால், முதல் நேர்காணலுக்குச் செல்லும் குடும்பத்தினர் எவற்றைக் குறித்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்றம் தெரியத் தொடங்கிய காலம், தூக்கத்திலும் உணவிலும் வந்த வேறுபாடு, உட்கொண்ட மருந்துகள், போதைப் பழக்கம் இருந்தால் அது, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் மனநோய் இருந்ததா என்ற விவரம் ஆகியவை போதும். மருத்துவர் குடும்பத்தினரைத் தனியே பார்க்காவிட்டால், பார்க்கும்படி அவர்களே கேட்கலாம் என்பதையும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்,
மருத்துவ உளவியலாளர்